மனுவில் வெட்டிய பெயர்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். கூட்டத்தில் எழுந்து பேசிய பழக்கமும் இல்லை. அப்படிப்பட்டவன் தொழிற்சங்கக் கதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த காலம். பட்டணத்துத் தபாற்கந்தோர் ஒன்றின் டெலிபோன் அறையில் பகலில் நாங்கள் மூவர் வேலை செய்தோம். தொழிற்சங்கத்தில் சேர்வதாகவும், எட்டு மணி நேரத்துக்கு மேல் எங்களை டெலிபோன் இணைப்புப் பலகையின் முன் இருத்தக்கூடாது என்றும் கொழும்புக்கு ஒரு மனு எழுதினோம். அழைப்புகள் குறைந்த நேரங்களில், அறைக்குள்ளேயே வாசித்து வாசித்துத் திருத்தினோம். அதை அனுப்புமுன்பே போஸ்ட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, மனுவின் வசனங்களை எங்களுக்கே சொல்லிக் காட்டினார்.

வெளியே எவரிடமும் நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆகவே மூவரில் ஒருவர்தான். சந்தேகம் வல்வெட்டித்துறைக்காரன் மேல் விழுந்தது. வேலைக்குப் புதியவன்; போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்து விலைக்குக் கொடுப்பவன். அவன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். தண்ணீர் குடிக்க எழுந்து போனால், எப்போது திரும்புகிறான் என்று நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

எங்களில் மூத்தவர் அச்சுவேலிக்காரர். நாங்கள் அவரை அண்ணை என்போம். ஒருநாள் அவர் நேரே கேட்டார்.

“கருவாட்டோடை எங்கடை கதையையும் சுத்திக் குடுக்கிறியோ?”

“கருவாடு விக்கிறனான் அண்ணை. கதை விக்கிறேல்லை.”

“அப்ப ஆர் சொன்னது? சுவரோ?”

“எனக்குத் தெரியாது. நம்பாட்டி என்ரை பேரை வெட்டுங்கோ.”

அண்ணை பேனாவை எடுத்து வெட்டினார். நான் அடுத்த அழைப்பை எடுத்தேன்.

அன்று பின்னேரம், பலகையில் போஸ்ட்மாஸ்டரின் லைனுக்குரிய சாவி என்னும் சிறு பிடி முன்னே தள்ளியபடி இருப்பதைக் கண்டேன். அது அப்படி இருந்தால், எங்கள் மார்பில் தொங்கும் பேச்சுக்குழலில் விழுவதெல்லாம் அவர் ரிசீவரைத் தூக்கியதும் கேட்கும். பேசி முடிந்தவுடன் அதைப் பின்னே இழுத்துவிட வேண்டும். ஆனால் அவர் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால் ஏசுவார் என்ற பயத்தில், என் முறை வரும்போதெல்லாம் நான் இழுக்காமலே விட்டிருக்கிறேன்.

அண்ணையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“இதை இன்னும் ஆருக்குச் சொன்னனி?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப விடு. திருப்பி எழுதக் கடுதாசி இல்லை.”

கடுதாசி இல்லை என்பதை நான் நம்பவில்லை. அவருக்கும் வல்வெட்டித்துறைக்காரனுக்கும் இடையில் முன்பே ஏதும் பகை இருந்ததோ என்றும் யோசித்தேன். ஆனால் மேலும் கேட்டால் என் பெயரையும் வெட்டிவிடுவார் என்று பயந்து, அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மனு இரண்டு கையொப்பங்களோடு கொழும்புக்குப் போனது. வல்வெட்டித்துறைக்காரன் வழமைபோல் காலையில் வேலைக்கு வந்தான்.