நேத்து சொன்னதேதான்

ஓரிக்கைப் பக்கம் ஒரு மாடியறையில் பிரவீனா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். பட்டுக்கடையில் வேலை பார்ப்பவர்கள், நர்சிங் முடித்து வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் என்று பலரும் வருவார்கள். கேட்க ஒன்றுபோல் இருக்கும் இங்கிலீஷ் தொடர்களைப் பிரித்துக் காட்டுவதில் அவளுக்கு நல்ல பேர். தம்பி டேனியலும் அவளிடம் படித்துத்தான் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனான்.

போன ஜனவரியில் பனியில் சைக்கிள் சறுக்கி அவன் லாரியில் அடிபட்டான். ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்து, 'ஹேங்கிங் இன் தேர்' என்றாள். தளராமல் தாக்குப்பிடிக்கிறான் என்று பொருள். விழித்துத்தான் இருக்கிறான், அம்மா பேசுவதானால் போனை அவன் காதில் வைக்கிறேன் என்றும் சொன்னாள். அம்மா சம்பூர்ணத்துக்கு நெஞ்சுவலி உண்டு. பயந்துபோன பிரவீனா, பிறகு பார்க்கலாம் என்றாள். அடிபட்டிருக்கிறது, சமாளித்துக்கொள்கிறான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள்.

மறுநாள் வந்த சொல் 'டச் அண்ட் கோ'. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். முதல் சொல்லுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்த பிரவீனா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"என்னாம்மா சொல்றாங்க?"

"நேத்து சொன்னதேதாம்மா. சமாளிச்சுக்கினு இருக்கான்."

அடுத்த முறை போன் அடித்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். 'ஹேங்கிங் பை எ த்ரெட்' என்றது அந்தக் குரல். சம்பூர்ணம் வெகுகாலம் நூல் கடையில் வேலை செய்தவள். அந்த ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது.

"த்ரெட்டுன்னா நூலுதானே? என் புள்ளையக் கேட்டா எதுக்கு நூலச் சொல்றாங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியாமல், உயிர் ஒரு நூலில் தொங்குகிறது என்பதுவரை பிரவீனா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அழவில்லை. போனை அவன் காதில் வைக்கச் சொல் என்றாள். அவன் நினைவிழந்து கிடந்தான். சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பேரால் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அன்று சாயங்காலம் டேனியல் போய்விட்டான்.

பெட்டி வந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்த பிறகும் அம்மா பிரவீனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் காலையில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"மொத நாளு அவன் முழிச்சிக்கினு இருந்தானா?"

"இருந்தாம்மா."

"என்னைத் தேடினானா?"

"தெரியலம்மா. நான் கேக்கல."

சம்பூர்ணம் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பிரவீனா அன்றைக்கு வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பினாள். பிறகு மீதிப் பூண்டை உரிக்க உட்கார்ந்தாள்.