அப்பா வாய்விட்டுப் படித்த காகிதம்

‘மேற்படியார் இதைத் தாமே ஆங்கிலத்தில் படித்து, சம்மதித்துக் கையெழுத்திட்டார்.’

எங்கள் கொத்துக்காடு கைவிட்டுப் போன காகிதத்தின் அடியில் இப்படி ஒரு வரி இருக்கிறது. கொத்துக்காடு என்றால் ஏர் போகாத சரிவு; மண்வெட்டியால் கொத்திச் சாமை விதைப்போம். அந்தக் காகிதத்தின் நகலை நான் பெரியவளான பிறகு அலைந்து திரிந்து வாங்கினேன். நாள், கிழமை, எல்லைக்கல், பலாமரங்கள் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. அந்த ஒரு வரிதான் அநியாயம். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்பா படித்தது உண்மை. நான் பக்கத்தில் நின்றேன்.

யுத்தம் முடிவதற்கு இரண்டு சாமை அறுப்புக்கு முந்தைய மாசி மாதம் அது. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான், எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்கு வயது ஏழுக்குக் குறையாது, எட்டைத் தாண்டாது.

அதற்கு முந்தைய ஐப்பசியில் மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியிலிருந்த எங்கள் ஊருக்கு ஒரு வாத்தியார் வந்தார். அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தவர் முதலில் தமிழ் எழுத்துத்தான் சொல்லித் தருவதாக இருந்தார். ஊர் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று மறுத்தவர் அப்பாதான்.

“தமிழுதான் பேசறமுங்களே. ஆபீசு காயிதம், தோட்டத்துக் காயிதம் எல்லாம் இங்கிலீசுலதானுங்க வருது. எவன் என்ன எழுதியிருக்கான்னு தெரியாமத்தான கைநாட்டு வெக்கறோம். அதைப் படிக்கச் சொல்லிக் குடுங்க.”

இதைவிட நியாயமான கோரிக்கையை நான் பிற்காலத்தில் படித்த எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கண்டதில்லை.

வாத்தியாரிடம் ஒரு முறை இருந்தது. எழுத்தின் பெயரைச் சொல்லித்தர மாட்டார்.

“ஆட்டுக்குப் பேரு ஆடு. அது ‘ஆடு, ஆடு’ன்னா கத்துது?” என்று கேட்டார்.

“மேன்னு கத்துமுங்க,” என்றார் அப்பா.

“அவ்வளவுதான். எழுத்தோட பேரு நமக்கு வேண்டாம். அது போடுற சத்தம் போதும்.”

முறத்தில் தினையைப் பரப்பி அதில் விரலால் எழுத்தை இழுப்போம். இழுக்கும்போதே அதன் ஓசையைச் சொல்ல வேண்டும். பிறகு ஓசைகளை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். முதல் அட்டைகளில் படம் இருந்தது. பூனைப் படத்தின் கீழே அப்பா விரல் வைத்து மூன்று ஓசைகளையும் சேர்த்துக் ‘கேட்’ என்று சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“பூனையக் கேட்டுன்னு கூப்புட்டா எலி ரெண்டு சேத்துப் புடிக்குமா?” என்றாள் அம்மா.

“சிரி, சிரி. தோட்டத்துக் காயிதத்த நானே படிக்கறப்ப நீ சிரிக்க மாட்ட.”

“அதுக்குள்ள சாமைக்குக் களையெடுத்தே நான் செத்துப் போயிருவேன்.”

மற்றவர்கள் முதல் அட்டைகளோடு நின்றுவிட, மார்கழிக்குள் அப்பாவும் நானும் எல்லோரையும் முந்திவிட்டோம். நெட்டைச் சொற்களை மூங்கிலைக் கணுக் கணுவாக நறுக்குவதுபோல் நறுக்கிப் படிக்கக் கற்றோம். இரண்டாம் புத்தகத்தில் படம் கிடையாது. அதிலிருந்த சொற்களுக்கு என்ன பொருள் என்று அப்பா ஒருமுறை கேட்டார். “சத்தம் முதல்ல, அர்த்தம் சித்திரைக்கு மேல,” என்றார் வாத்தியார். தை முடிவதற்குள் அவரை மலைக்காய்ச்சல் பிடித்தது. தூளி கட்டிக் கீழே இறக்கினார்கள். அவர் திரும்பவில்லை. வேறு யாரையும் அனுப்பவும் இல்லை. அவர் நல்லவர், அவர்மேல் குற்றமில்லை என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கத்தியைக் கையில் கொடுத்தவர் கூர் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

மாசியில் காப்பித் தோட்டத்து மானேஜர் வந்தார். எங்கள் சரிவுகளை ஒட்டித் தோட்டத்தை விரிக்க எண்ணம். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கைநாட்டு வைப்பவர்களுக்குக் காகிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும், சொன்னதற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று அப்போது ஒரு கட்டாயம் இருந்தது. அவருடைய கணக்கப்பிள்ளையும் ஒழுங்காகவே விளக்கப்போனார். ‘இன்னார் தம் பாத்தியதையை’ என்று முதல் ஆளுக்குச் சொல்லத் தொடங்கியதுமே அப்பா கை நீட்டினார்.

“இருங்க. என்ர காயிதத்த நானே படிக்கறேன்.”

மானேஜர் நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?”

“கேளுங்க.”

அப்பா கோயிலைப் பார்த்து நின்றுகொண்டு, ஊர் கேட்க வாய்விட்டுப் படித்தார். ஓசை ஒன்று பிசகவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல்லில் தடுக்கி நின்றார். நான் எட்டிப் பார்த்து, கணுக் கணுவாக நறுக்கி, ‘ரி-லிங்-க்விஷ்’ என்று எடுத்துக் கொடுத்தேன். “அட, கழுதை!” என்று அப்பா சிரித்துவிட்டு மேலே படித்தார்.

கணக்கப்பிள்ளை எழுந்தார். “இதுக்கு அர்த்தம் வந்துங்க...”

“படிச்சவருக்கு என்னய்யா விளக்கம்? உட்காரு,” என்றார் மானேஜர்.

அப்பா ஊரைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் ‘எனக்குப் பொருள் தெரியாது’ என்று சொல்ல வேண்டிய நொடி அதுதான். சொல்லவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தம் பெயரை எழுதினார்.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு மற்றவர்களுக்குக் கணக்கப்பிள்ளை தமிழில் விளக்கினார். கேட்டவர்கள் “சாமிய உத்தரவு கேட்டுட்டு வாரமுங்க” என்று சொல்லி ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவரும் பெருவிரலை நீட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அத்தனை பேர் காடும் தப்பியது. ஊரிலேயே படிக்கத் தெரிந்த ஒரே மனிதரின் காடு போயிற்று!

படித்தவர் தெரிந்தேதான் கொடுத்தார் என்று நினைத்து ஊரில் யாரும் எங்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை; பங்குனியில் தோட்டத்து ஆட்கள் எல்லைக்கல் நட வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

“கோயில் வாசல்ல நின்னு வாயால சொன்ன சொல்லாச்சே, தம்பி.”

எங்கள் மலை வழக்கம் அது. சாமிக்கு முன்னால் சொன்னதை மாற்றிப் பேசினால் அந்தக் குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. பொருள் தெரியாமல் எழுப்பிய ஓசையும் சொல்தானா என்று ஒரு வாய் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. “ஆமாங்க, நாந்தான் சொன்னேன்,” என்றார். மானேஜர்மேல் எனக்குள்ள கோபத்துக்கு இந்த வழக்கத்தின்மேல் உள்ள கோபம் இளைத்ததல்ல. அம்மா மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்று கத்தினாள்: “கிளி சொன்னாக் காட்டக் குடுத்துருவீங்களா?” பெண்பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

ரிலிங்க்விஷ் என்றால் விட்டுக்கொடுப்பது, கைவிடுவது. பதினைந்து வயதில், மலைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் அகராதியில்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

காகிதம் படித்த அன்று மதியம் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஊரே எங்களைப் பார்த்தது. அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்ற எங்கள் கொத்துக்காட்டின் குறுக்கே வீட்டுக்கு நடந்தோம். அந்தச் சொல் நாக்கில் வழுக்கி, கடைசியில் பல்லில்லாத இடைவெளி வழியே காற்றாகப் போனது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு வரப்புக் கல்லையும் தாண்டும்போது அதை உரக்கச் சொன்னேன்.

“இன்னொருக்கா சொல்லு, கண்ணு,” என்றார் அப்பா.

சொன்னேன்.