மூன்று திட்டமும் நாற்பது பெண்களும்

தங்கையன் அண்ணாச்சியைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவர் என்று சொன்னால் அதைவிடக் கோபம் வரும். பாப்பனங்கோட்டுப் பக்கம் இருந்த ரேடியோ கம்பெனியில், பிளானிங் செக்‌ஷனில் அவர் அசிஸ்டென்ட், நான் டைப்பிஸ்ட். இரண்டு பேருமே நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். வீடு கரமனையில். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். வழியெல்லாம் எந்த மாசம் எந்தச் சாமான் வரும் என்பதுதான் பேச்சு. வீட்டிலும் அவருக்கு இதே பேச்சுதானாம். அவர் சம்சாரம் பகவதியம்மாள் எப்படித்தான் பொறுத்தாளோ!

எழுபத்தாறில் எம்.டி. அவரைக் கூப்பிட்டார். கம்பெனியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர் என்று மூன்று பிரிவு. மூன்று மேனேஜர்களும் ஆளுக்கொரு மூன்று வருஷத் திட்டம் வைத்திருந்தார்கள். ஒருவர் திட்டம் அடுத்தவர் கண்ணில் படாது. மூன்றையும் சேர்த்து ஒரே திட்டமாக்க வேண்டும் என்றார் எம்.டி. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வைண்டிங் ரூமில் தினக்கூலிக்கு நாற்பது பெண்கள் இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கும் அவர்களுக்கு வேலை இருப்பதாகத் திட்டம் காட்டினால் பெர்மனென்ட் ஆக்கலாம் என்றும் சொன்னார்.

அந்த நாற்பதில் என் தங்கை உலகம்மையும் ஒருத்தி. புருஷன் விட்டுவிட்டுப் போய், கையில் ஒரு பெண் குழந்தை. ஆறு வருஷமாகத் தினக்கூலி. அண்ணாச்சி இந்தச் சேதியைச் சொன்ன அன்று நான் கரமனையில் இறங்காமல் கிழக்கேகோட்டை வரை போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி கிராஃப் தாள்களைக் கோந்து போட்டு ஒட்டி, திட்டத்துக்கு ஒரு கோடாக, மேஜை நீளத்துக்கு ஒரு படம் தயார் பண்ணினார். எந்த வேலை எப்போது முடியும் என்ற தேதிகள்தான் மேனேஜர்களிடமிருந்து கிடைக்கவில்லை. ரேடியோக்காரருக்கு எல்லாம் ஓணத்துக்கு முன்னால் முடிய வேண்டும். ஆம்ப்ளிஃபயர்காரருக்கு உற்சவ சீசன். ஸ்டெபிலைசர்காரர், “அவங்க ரெண்டு பேரும் ஆத்யம் தரட்டே, பிறகு நான் தரேன்” என்று சிரித்தே அனுப்பிவிடுவார். எட்டு மாசம் நாயாய் அலைந்தார் மனுஷன். கடைசியில் ஸ்டோர் ரூம் ரிஜிஸ்டர்களை ராப்பகலாகப் புரட்டி, தேதிகளை அவரே கண்டுபிடித்தார்.

ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கம் குனிந்து சொன்னார்: “விஜயம், மூணு பேரும் நம்ம நாப்பது பிள்ளைகளைத்தான் எண்ணி வச்சிருக்கானுவ. ஆளுக்கு நாப்பது, மொத்தம் நூத்தியிருவது. உள்ளது நாப்பதுதான். பின்ன எந்தத் திட்டம் நடக்கும்?”

“அப்போ இன்னும் எம்பது பேரை எடுக்கணும்லா அண்ணாச்சி!” என்றேன்.

“அதைத்தான் படத்துல காட்டப்போறேன்” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் வாயெல்லாம் பல். இரண்டு பேரும் எத்தனை மடையர்கள்!

மீட்டிங்கில் குறிப்பெடுக்க நான் இருந்தேன். மேனேஜர்கள் மூன்று பேரும் படத்தைச் சுற்றி நின்றார்கள். மூன்று கோடும் வைண்டிங் ரூமுக்கு வந்து நின்றுவிடுவதை முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

ரேடியோ மேனேஜர் நிமிர்ந்தார். “நம்ம மூணு பேருக்கும் தடசம் இந்த வைண்டிங் தன்னே, அல்லே?”

“காயில் பாம்பேயில ரெடியா கிட்டுமே” என்றார் ஆம்ப்ளிஃபயர்காரர்.

எட்டு மாசமாக ஒரு தேதிக்குக்கூட ஒத்துவராதவர்கள் பத்தே நிமிஷத்தில் ஒத்துப்போனார்கள். வைண்டிங் ரூமை மூடிவிட்டால் மூன்று கோடும் தடையில்லாமல் ஓடியது. எம்.டி. அண்ணாச்சிக்குக் கை கொடுத்தார்.

“சார், அந்தப் பிள்ளைங்க...” என்று அண்ணாச்சி இழுத்தார்.

“பிரச்னை எங்கேன்னு காட்டினதே நீங்கதானே தங்கையன்” என்றார் எம்.டி.

நீக்க உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். நாற்பது பெயர். முப்பத்தேழாவது உலகம்மை. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அந்தக் கைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த ஓணத்துக்கு ரேடியோ சொன்ன தேதியில் கடைக்கு வந்தது. மற்ற இரண்டும் பிந்தவில்லை. அண்ணாச்சிக்கு சூப்பரின்டென்ட் பதவி கிடைத்தது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உலகம்மை சாலைத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, கால் வீங்கி வந்திருந்தாள். ஆனாலும் எழுந்து அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“நான் வேணும்னு செய்யல்லம்மா” என்றார். “மூணு திட்டமும் பொய்யா இருந்தது. அதை நேராக்கினேன். அவ்வளவுதான்.”

உலகம்மை அவரிடமிருந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“பொய்யா இருந்தப்போ எனக்கு ஆறு வருஷம் சோலி இருந்தது அண்ணாச்சி” என்றாள்.