மகள் குடித்த பஞ்சமம்

இன்று வெள்ளவத்தையில், மகளின் மூன்றாம் வகுப்பில் தண்ணீர்க் கச்சேரி. ஆளுக்கொரு கண்ணாடிப் போத்தில். தண்ணீரின் அளவுக்கேற்ப ஆளுக்கொரு சுரம். கரண்டியால் தட்டினால் சங்கீதம்.

எங்கள் பங்கு பஞ்சமம். நேற்றே கைபேசியில் சுருதி பார்த்து, கொதித்தாறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி வைத்தேன்.

தெஹிவளையிலிருந்து மச்சாளையும் வரவழைத்திருந்தேன். அவளுடைய மகன் வயலின் வாசிக்கிறான். எத்தனை நாளைக்குத்தான் அவன் பெருமையை நானே கேட்டுக்கொண்டிருப்பது?

டீச்சர் கைகாட்ட, பிள்ளைகள் தட்டினார்கள். எல்லாப் போத்திலிலும் ஒரே 'கிணிங்'. எல்லாம் வெறும் போத்தில்.

"தண்ணி எங்க பிள்ளையள்?"

"இன்டர்வலுக்குக் குடிச்சிட்டம் டீச்சர்."

"ஆர் குடிக்கச் சொன்னது?"

முதலில் எழும்பியவள் என் மகள்தான். "அம்மாதான் டீச்சர்! போத்திலில மிச்சம் வச்சுக்கொண்டு வீட்டை வரக்கூடாது எண்டு ஒவ்வொரு நாளும் ஏசுறவ."

"எங்கட அம்மாவும்தான்!" என்றது முழு வகுப்பும். அதில் மட்டும் சுருதி பிசகவே இல்லை.

மச்சாள் என் காதுக்குள் சொன்னாள்: "பரவாயில்லை, பிள்ளை சொல்வழி கேக்குது."

இத்தனை நாளில் இன்றுதான் மகளின் போத்தில் சொட்டு மிச்சமில்லாமல் வீடு வந்திருக்கிறது.

வெள்ளவத்தைத் தாய்மாரே, இப்போது நான் ஏசுவதா, கொஞ்சுவதா?