முந்தி ஆற்றை காணி?

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் காணி வாங்கியதாகச் சொல்லிப் பாருங்கள். விலையைக்கூடப் பிறகுதான் கேட்பார்கள். முதலில் வாயில் வருவது, "முந்தி ஆற்றை காணி?" முன்பு அது யாருடைய நிலம் என்று. என் வாயும் அந்த வாய்தான்.

மொன்ட்ரியாலில் என் எதிர்வீட்டுக்காரி யூதப் பெண், என்னைப்போலவே கணவனை இழந்தவள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். மின்சாரப் பொத்தான் எதையும் தொடமாட்டாள். நான் கோயிலுக்குப் புறப்படும் நேரம் பார்த்து லிஃப்ட் வாசலில் நிற்பாள். அழுத்தச் சொல்லிக் கேட்கவும் மாட்டாள். நானே அழுத்துவேன். என் மனுசனின் செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் வந்தவள் அவள்.

அவளுடைய ஒரே மகள் இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக்கரையில், மலைமேல் ஒரு சின்னக் குடியேற்றத்தில் இருந்தாள். ஒருநாள் என்னோடு தேத்தண்ணி குடிக்கும்போது போனில் அந்த இடத்தின் படங்களைக் காட்டினாள். முதலில் அரசாங்க அனுமதிகூட இல்லாமல் வைத்த சில பெட்டிவீடுகள். பிறகு தண்ணீர்த் தாங்கி, தார் றோட்டு, காவலுக்கு ஆமி. கடைசியில் இஸ்ரேல் அரசே அதை ஊராக ஏற்றுக்கொண்டது. கனடாவும் பெரும்பாலான நாடுகளும் இன்றும் சட்டவிரோதம் என்றே சொல்கின்றன. அவளுக்கு அந்த வழக்கெல்லாம் பெரிதில்லை. மகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கப்போகிறது, கூட இருக்கப் போகவேண்டும், அவ்வளவுதான்.

படத்தில் மலையடியில் ஒலிவ் தோட்டம் தெரிந்தது. நடுவே கம்பிவேலி.

"முந்தி ஆற்றை காணி?" என்றேன், வழக்கம்போல.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "ஒருத்தற்றையும் இல்லை. சும்மா கிடந்த மலை."

"அப்ப உந்த மரங்களை ஆர் வைச்சது?"

அவள் முகம் மாறியது. அதோடு விட்டிருக்கலாம். விடுமா இந்த நாக்கு?

"யாழ்ப்பாணத்தில எங்கட காணியையும் சும்மா கிடந்ததெண்டுதான் ஆமி பிடிச்சது. எங்கட கிணத்தடியில இப்பவும் அவங்கள்தான் குளிக்கிறாங்கள்."

போனை மூடி வைத்தாள். அடுத்த சனிக்கிழமைகளில் லிஃப்ட் வாசலில் அவள் இல்லை. முழங்கால் நோவோடு படியில் இறங்கினாள்.

ஒரு சனிக்கிழமை மறுபடி நின்றாள். பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது, அவள் ஏறவில்லை.

"மகளிட்டைக் கேட்டனான், மரங்களை ஆர் வைச்சதெண்டு."

"என்ன சொன்னவ?"

"அங்க வரவேண்டாம் எண்டிட்டாள்."

பேத்தி பிறந்துவிட்டாள். படம்கூட வரவில்லை. நான் கேட்டது நியாயமான கேள்வி, நாளைக்கும் கேட்பேன். ஆனால் லிஃப்டில் அவள் பக்கத்தில் நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.