மல்லிச் சாக்கில் கிடந்த முட்டை

என் ஓரகத்தியைப் போலச் சிக்கனமான பொம்பளையை நான் பார்த்ததில்லை. என் வயிற்றெரிச்சலை அவளைப் போலக் கொட்டிக்கொண்டவளும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

எழுபதுகளில் தேனியில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் புருஷன், என் மூத்தாருக்குச் சந்தையில் கமிஷன் கடை வேலை. மாசி கழிந்து விலை இறங்கியதும் வத்தலும் மல்லியும் மூட்டையாக வந்து இறங்கும், போடியிலிருந்து மிளகு வரும். வருஷம் முழுக்க வீட்டுச் செலவுக்கு அதுதான். எல்லாவற்றையும் கடைசி அறையில் அடுக்கிப் பூட்டி, சாவியை அக்கா இடுப்பில் செருகிக்கொள்வாள். அக்கா என்று வாய்தான் கூப்பிட்டது. வத்தல் காம்பை எறிய விடமாட்டாள், அடுப்பெரிக்க ஆகுமாம். மல்லியைப் புடைத்த தூசியும் நொறுங்கலும் கோழிக்கு. குழம்புக்கு வேண்டியதைக் காலையில் தன் கையாலேயே அள்ளி வைப்பாள். இன்னொரு பிடி கேட்டால் போதும், "உங்க ஆத்தா வீட்டுல மரக்கால் மரக்காலா அள்ளிப் போட்டாகளோ?" என்பாள்.

கொல்லையில் மேய்ந்த கோழிகள் மட்டும் என்னுடையவை. கடமலைக்குண்டிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய பெட்டைகளின் வம்சம்.

மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சில் காச நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊசி மட்டும் காப்பாற்றாது, தினமும் பாலில் ஒரு முட்டை அடித்துக் கொடுக்க வேண்டும், உடம்பில் சத்து ஏறாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நம் வீட்டில்தான் கோழி இருக்கிறதே என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் முட்டை நின்றுபோனது. கூட்டில் வைக்கோல் இருந்தது, முட்டை இல்லை. பாம்பு குடித்திருக்கும் என்றாள் அக்கா. பிறகு கோழிக்கு வயசாகிவிட்டது என்றாள். அவர் வெறும் பாலைக் குடித்துவிட்டு இருமுவார். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல ஆகிவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலையில் கோழியைப் பிடித்துப் பின்புறம் விரல் வைத்துப் பார்த்தால், அன்றைக்கு முட்டை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். உண்டு என்றால் கூடையைக் கவிழ்த்து அடைத்துவைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் தடை. அடைத்துவைத்தால் இரை போட வேண்டும், இரைக்கு யார் அழுவது என்பாள். அவளுக்குத் தெரியாமல் விரல் வைத்துப் பார்த்தேன். கருப்புப் பெட்டைக்கு முட்டை கையில் தட்டுப்பட்டது. துணி துவைக்கிற சாக்கில் அதன் பின்னாலேயே கண்ணை வைத்திருந்தேன். அது கொல்லையைச் சுற்றியது, விறகுமேல் ஏறியது, கடைசி அறை ஜன்னலின் உடைந்த கம்பி வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

கதவோ பூட்டிக் கிடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உச்சி வெயிலில் அக்கா வந்து பூட்டைத் திறந்தாள். அவள் பின்னாலேயே நானும் நுழைந்தேன். வாய் பிரித்த மல்லிச் சாக்கில் குழி பறித்துக் கோழி முட்டையிட்டிருந்தது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அவள் திரும்பினாள்.

"அது என் கோழி முட்டை, அக்கா."

"என் சாக்குல கெடந்தா என்னுதுதான். இங்கன வந்து போடுன்னு நானா கூப்பிட்டேன்?"

"அவுகளுக்கு டாக்டர் சொன்னாக. ஒங்களுக்கும் தெரியும்."

அவள் குரலைத் தணிக்கக்கூட இல்லை. "தெரியும்டி. போற உசுருக்கு எதுக்கு முட்டை? எல்லாம் வீணு. வளர்ற எம் பிள்ளைக திண்டாலாச்சும் ஒடம்புல ஒட்டும்."

அந்த அறைக்கும் அவர் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். அந்தப் பக்கம் இருமல் நின்றுபோனது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூத்தவள் என்று பார்க்கவில்லை, மடியில் கைவிட்டு முட்டையைப் பிடுங்கினேன். அவள் என் கொண்டையைப் பிடித்தாள். நானும் விடவில்லை. மல்லி சிதறிக் காலடியில் நொறுங்கியது. அதற்குத்தான் அவள் பதறினாள், குனிந்து அள்ளப் போய்விட்டாள். பாவி.

முட்டையோடு பாலையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மதினி சொல்றது நெசந்தான புள்ள. எனக்கு வேண்டாம். அதை அடைக்கு வையி. குஞ்சாச்சும் மிஞ்சும்."

அவள் வாயால் கேட்டதைவிட இவர் வாயால் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுது கெஞ்சினேன். திரும்பவில்லை. திட்டினேன். அதற்கும் திரும்பவில்லை. கெஞ்சி ஆகாது என்று புரிந்தது. கட்டில் சட்டத்தில் முட்டையை ஒரே தட்டாகத் தட்டி, பாலில் ஊற்றினேன்.

"ஒடச்சாச்சு. இனிமே எந்தக் கோழியும் இதை அடைகாக்காது. நீங்க குடிக்கலைன்னா சாக்கடையில கொட்டிருவேன்."

அவரும் அந்த வீட்டில் பிறந்தவர்தானே, ஒரு சோற்றுப் பருக்கையைக் கீழே விடமாட்டார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் ஓட ஓடக் குடித்தார்.

மறுநாளிலிருந்து அவள் தடையைப் பார்க்காமல் கோழியைக் கூடையில் அடைத்து, முதலில் முட்டையை எடுத்து உடைத்தேன். அதன் பிறகுதான் அவரை எழுப்பினேன்.