பேச்சுத்துணை

காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கும் டெக்னீஷியனாக அவருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்வார். கொசு முனகலைக்கூட யார் காது பிடிக்கிறது, யார் காது விட்டுவிடுகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடுவார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அந்த மகா நிபுணருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

மனைவி "ஏங்க" என்பாள். பதில் வராது. இரண்டாவது "ஏங்க"வுக்குப் பேப்பர் ஒரு பக்கம் புரளும். மூன்றாவதுக்குத்தான் "ம்" வரும். அந்த "ம்"முக்கு அவரவர் இஷ்டப்படி அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் அவள் பேச்சு மொத்தமும் அவர் தலையில் வந்து விழுந்தது. மனுஷர் திணறிப் போனார்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி கார் ஷெட்டில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. அப்பன் எந்த ரகம் என்று தாய்க்கே தெரிந்திருக்காது. அதில் ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்த குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தார். "உனக்குப் பேச்சுத்துணை" என்றார், என்னவோ வைர நெக்லஸ் வாங்கி வந்தவர் மாதிரி.

குட்டி படுசுட்டி. மூன்றே நாளில் பிஸ்கட் டப்பா எந்த அலமாரியில் என்று தெரிந்துகொண்டது. தாழ்ப்பாளை மூக்காலேயே தள்ளித் திறந்தது. ஒரே விஷயத்தில்தான் தப்புக்கணக்கு போட்டது: தன் பெயர் "ஏங்க" என்று முடிவு கட்டிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஓயாமல் கூப்பிடும் பெயர் அதுதான், அதற்கு வேறு யாரும் எழுந்து வருவதாகவும் தெரியவில்லை.

முதல் "ஏங்க"வுக்கே ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கடைசி வரை கேட்டது. அவளும் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வாரம் இவர் ராஜா மாதிரி பேப்பர் படித்தார். பிறகு பார்த்தால், மகள் வீடு மாறியது நாய்க்குத் தெரிந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை. மச்சான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதும் நாய்க்குத்தான் தெரியும். போயும் போயும் ஒரு குட்டியைப் பார்த்துப் பொறாமையா என்று வெட்கமாக இருந்தது. இவள் நம்மைக் கைகழுவிவிட்டாளோ என்று பயமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடிக்கப் போனவர் சமையலறை வாசலிலேயே நின்றார். அவள் பூண்டு உரித்தபடி குட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இடது காது சுத்தமா கேக்க மாட்டேங்குதுடா. போனை அந்தப் பக்கம் வச்சா லைன் கட்டான மாதிரி இருக்கு. பயமா இருக்குடா."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஊர்ல இருக்கிறவங்க காதையெல்லாம் நான் பாக்கறேன். என்கிட்ட சொல்லாம இதுகிட்ட போய் சொல்றியா?"

"உங்ககிட்டதாங்க முதல்ல சொன்னேன். இது வர்றதுக்கு முந்தியே." அவள் குரலில் கோபமே இல்லை. "'ம்'னீங்க. சரி, தானா சரியாயிடும்னு சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

திடீரென்று மந்தமான காதை அந்த வாரமே காட்டினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று எத்தனை புருஷன்மார்களிடம் அவர் எகிறியிருக்கிறார்!

மறுநாள் காலை முதல் ஆளாக அவளை அறைக்குள் உட்கார வைத்தார். வலது காது பழுதில்லை. அடுத்து இடது. சத்தத்தை இருபது டெசிபலில் வைத்தார். முப்பது, நாற்பது என்று ஏற்றினார். ஐம்பதையும் தொட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பட்டன் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாங்க?" என்றாள்.